சாப்பிட்டவர்கள் மாடி

மிதம் உணவகத்தில் பசியோடு வருகிறவர்களை முதல் மாடிக்கு அனுப்புவார்கள். சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களை இரண்டாம் மாடிக்கு அனுப்புவார்கள். சாப்பிட்டுவிட்டு ஒருவன் எதற்கு உணவகத்துக்கு வருகிறான் என்று யாரும் கேட்பதில்லை. சென்னையில் எல்லா உணவகங்களும் உடம்புக்கு நல்லவையாக மாறிய பிறகு இரண்டாம் மாடியில்தான் கூட்டம் அதிகம்.

இதெல்லாம் சங்கரலிங்கத்துக்குத் தெரியும். தெரிந்தும் மாட்டிக்கொண்டார். தெரிந்தே மாட்டிக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அன்று காலை அவர் இட்லியைத் தொடவில்லை. காப்பி மட்டும், அதுவும் பாதி டம்ளர். மத்தியானம் தம்பியோடு உட்கார்ந்து சாப்பிட வயிற்றைக் காலியாக வைத்திருந்தார்.

தம்பி ஆவுடையப்பன் நங்கநல்லூரில் இருந்தான். அண்ணன் பெரம்பூரில் இருந்தார். திருநெல்வேலியிலிருந்து ஒரே ரயிலில் வந்து இறங்கியவர்கள். ஒரே பாயில் படுத்தவர்கள். இருவரும் முகம் பார்த்துப் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. இன்று சாயங்காலம் ஆவுடையப்பன் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறுகிறான். இனி மகளோடுதான் வாசம். திரும்பி வருகிற யோசனை இல்லை.

போன வாரம் அவன்தான் போன் செய்தான்.

"அண்ணே, போறதுக்கு முன்னால ஒரு நேரம் சேந்து உக்காந்து சாப்பிடுவோம். அது போதும் எனக்கு."

"பாப்போம்" என்றார் சங்கரலிங்கம். அவர் அகராதியில் அதற்குச் சரி என்று அர்த்தம். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். வாளி நிரம்பி வழிந்தது. குழாயை மூட மனம் வரவில்லை.

தம்பிக்கு நெஞ்சில் ஸ்டென்ட். அண்ணனுக்குச் சர்க்கரை. இரண்டு பேருக்கும் ஆகிற சாப்பாடு மிதத்தில்தான் கிடைக்கும் என்று தம்பியே இடத்தைச் சொன்னான்.

கிளம்பும்போது மனைவி பிரமு வாசலில் நின்று சொன்னாள்: "போன எடத்துல வீம்பு புடிக்காதிய. வச்சத தின்னுட்டு வாங்க."

"நான் எப்பட்டி வீம்பு புடிச்சேன்?"

பிரமு சிரித்தாள். அந்தச் சிரிப்பு தெருமுனை வரைக்கும் அவர் கூடவே வந்தது. அடுப்பில் பால் இருந்ததால் அங்கிருந்து திரும்பிப் போய்விட்டது.

மிதத்தின் வாசலில் வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஒருத்தி நின்றாள். கோட்டில் லேகா என்று பெயர் குத்தியிருந்தது. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். அவள் டாக்டர் இல்லை. உள்ளே போகிற ஒவ்வொரு தட்டின் மேலும் அதை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டுவது அவள் வேலை.

"வணக்கம் சார். சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா" என்றார் சங்கரலிங்கம்.

வேறு என்ன சொல்லுவார்? பிறந்ததிலிருந்து அதைத்தான் சொல்லிவருகிறார். முதல் தடவை கேட்டால் ஆச்சு என்று சொல்வது மரியாதை. சும்மா சொல்லாதீங்க என்று இரண்டாம் தடவை கேட்டால், இப்பதான் ஆச்சு, வயிறு திம்மென்று இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுத்தால், சரி, உங்க திருப்திக்கு ஒரு வாய் என்று உட்கார்ந்து ஆறு இட்லியை உள்ளே தள்ளலாம். பசியை மறைத்தவனுக்கும் கௌரவம், அதைக் கண்டுபிடித்தவனுக்கும் கௌரவம். அவர் வீட்டார் அப்படித்தான் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வீட்டில் வயிறு நிறைத்தார்கள்.

லேகா இரண்டாம் தடவை கேட்கவில்லை. அவர் மணிக்கட்டில் பச்சை நூல் ஒன்றைக் கட்டினாள்.

"ரெண்டாம் மாடி சார்."

"இல்லம்மா. அது ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"பேச்சுக்குச் சொன்னாலும் நாங்க நம்புவோம் சார். வாடிக்கையாளரைச் சந்தேகப்படுறது உடம்புக்கு நல்லதில்ல." அவள் குரலை உயர்த்தினாள். "அப்ப நீங்க சாப்பிடலையா சார்? பசியா இருக்கீங்களா?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தங்க ஃபிரேம் கண்ணாடி போட்ட ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"அப்படின்னு இல்ல" என்றார் சங்கரலிங்கம்.

லிஃப்ட் அவரை ஏற்றிக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனது. முதல் மாடியைக் கடக்கும்போது அது மூச்சை அடக்கிக்கொண்டது.

இரண்டாம் மாடி பெரிய கூடம். சுவரில் வரிசையாகப் படங்கள் மாட்டியிருந்தன. உளுந்து வடை, நெய் ரோஸ்ட், பூரி மசால், ஒரு கிண்ணம் நல்லெண்ணெய். எல்லாப் படத்துக்கும் சந்தனமாலை, கீழே சின்னச் சிவப்பு விளக்கு. பூரியின் படத்துக்கு முன்னால் ஒரு அம்மாள் கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள். நெருங்கிய சொந்தம் போலிருந்தது.

ஒருவன் வந்து மரச் சுத்தியலால் சங்கரலிங்கத்தின் வயிற்றை மெதுவாகத் தட்டினான். வயிறு கடமுடா என்று சத்தம் போட்டது.

"திருப்தியின் சத்தம்" என்றான் அவன். "நீங்க சாப்பிட்டது சாமைச் சாதம், சுரைக்காய்க் கூட்டு, முளைகட்டின பயறு. பாதியில நிறுத்திட்டீங்க. ரொம்ப நல்ல பழக்கம் சார்."

"நான் அதையெல்லாம் சாப்பிட்ட ஞாபகமே இல்லையே."

"கனமா சாப்பிட்டாத்தான் சார் ஞாபகம் இருக்கும்."

அவன் கை தட்டினான். கூடத்தில் இருந்தவர்களும் கை தட்டினார்கள். சாப்பிடாத சாப்பாட்டுக்குக் கைதட்டல் வாங்கியது சங்கரலிங்கத்துக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவர் அப்படிப்பட்ட ஆள்.

பிறகு கீழே பார்த்தார். தரை கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் முதல் மாடி. அவர் செருப்புக்கு நேர்கீழே ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தான்.

தம்பியின் உச்சந்தலை தெரிந்தது. நடுவில் முடி கொட்டி வட்டமாகப் பளபளத்தது. ஒன்பது வருடத்தில் கொட்டிய முடி. கொட்டும்போது பக்கத்தில் இல்லாமல் போனோமே என்று சங்கரலிங்கம் குனிந்து பார்த்தார்.

தம்பி முன்னால் இரண்டு தட்டு இருந்தது. எதிர்நாற்காலி காலி. அவன் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறி, எதிர்த்தட்டின் மேல் மூடினான். அங்கே ஈயே கிடையாது. பழைய ஓட்டல்கள் போனபோது ஈக்களும் கூடவே போய்விட்டன. ஆனாலும் மூடினான். தன் தட்டைத் தொடாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சங்கரலிங்கம் தரையைக் காலால் தட்டினார். தம்பி அண்ணாந்து பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கையில் இருந்த பச்சை நூலைப் பார்த்தான். அவன் முகம் சுருங்கியது. குனிந்துகொண்டான்.

"போச்சு" என்றார் சங்கரலிங்கம் வாய்விட்டு.

"தம்பியா?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

அங்கே யாரும் இல்லை. ஒரு வெள்ளை அரைக்கைச் சட்டை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பையில் பேனா இருந்தது.

"பட்டாபிராமன். ரயில்வேல இருந்தேன்" என்றது சட்டை. "சித்த உக்காருங்கோ. இங்க வந்து ரொம்ப நாளாறது. உடம்பு நன்னா எறங்கிடுத்து. சுகர் இல்லை, பிரஷர் இல்லை, கொலஸ்ட்ரால் இல்லை."

"ஆளே இல்லையே" என்றார் சங்கரலிங்கம்.

"ஆமாம். டாக்டருக்கு ரொம்பத் திருப்தி."

"கீழ எறங்க விடமாட்டாங்களா?"

"யார் தடுத்தா? பேஷாப் போகலாம். கீழ போய், நான் சாப்பிடலை, எனக்குப் பசிக்கறதுன்னு எல்லார் காதுலயும் விழறாப்ல சொல்லணும். உடனே தட்டு வரும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்னுதான் நானும் நெனச்சேன்" என்றது சட்டை. "போனேன். என் பிள்ளை உக்காந்திருந்தான். சொல்ல வாயெடுத்தேன். வெயில் ஜாஸ்தியா இருக்கே இந்த வருஷம்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டேன்."

சட்டையின் காலர் மெல்ல மடங்கியது. சங்கரலிங்கம் அதைத் தட்டிக்கொடுக்கப் போய், எங்கே தட்டுவது என்று தெரியாமல் கையை எடுத்துக்கொண்டார்.

மாடிப்படி கூடத்தின் கோடியில் இருந்தது. அதையும் உடம்புக்கு நல்லதாகச் செய்திருந்தார்கள். இறங்க இறங்கப் படிகள் கூடிக்கொண்டே போயின. நடை நல்லது என்று ஒவ்வொரு திருப்பத்திலும் எழுதி வைத்திருந்தார்கள். சங்கரலிங்கம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். போகிற வழியில் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்குப் பரவாயில்ல."

இது இல்லை. மறுபடியும் முயன்றார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"எனக்காகக் காத்திருக்காதிய."

"நீங்க முதல்ல சாப்பிடுங்க."

வாய் தனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டது. பசிக்கிறது என்பது மட்டும் உள்ளே எங்கோ சிக்கிக்கொண்டது. பசி என்னவோ இருந்தது. காலையிலிருந்து கொலைப்பசி. வயிறு போட்ட சத்தத்தில் கைப்பிடி அதிர்ந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்னாலும் இதே பசிதான். ஆவுடையப்பன் மகள் கல்யாணம். மண்டபத்தில் சங்கரலிங்கம் முதல் வரிசையில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். காலைப் பந்தி நடந்துகொண்டிருந்தது. கேசரி வாசனை மூக்கைத் துளைத்தது. தம்பி வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தான். சாப்பிட்டியளாண்ணே என்று கேட்டான். ஆச்சுடே என்றார். அவன் சரிண்ணே என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்க ஓடினான்.

இரண்டாம் தடவை வருவான் என்று அவர் உட்கார்ந்திருந்தார். இலை போட்டார்கள், எடுத்தார்கள், போட்டார்கள். தாலி கட்டி முடிந்தது. மத்தியானப் பந்தியும் முடிந்தது. அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய் மோரும் பழையதும் சாப்பிட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

ஊருக்கு அவர் வேறு காரணம் சொன்னார். பத்திரிகையில் பெயர் சின்ன எழுத்தில் போட்டுவிட்டான் என்றார். சபையில் மாலை போடவில்லை என்றார். உள்ளது இதுதான். ஒரு தடவை கேட்டான், மறுதடவை கேட்கவில்லை. இதைச் சொன்னால் பிள்ளைகள்கூடச் சிரிக்கும் என்பதால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் சொல்லாததையும் பிரமு அன்றைக்கே தெரிந்துகொண்டாள், அவர் பழையதைச் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து.

படிகள் ஒருவழியாகச் சலித்துப்போய் முடிந்தன. முதல் மாடியில் எல்லோரும் அமைதியாக மென்றுகொண்டிருந்தார்கள். உப்பை நகைக்கடை மாதிரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு காவலாளி நின்றான்.

"வந்துட்டியளாண்ணே" என்று ஆவுடையப்பன் எழுந்து நின்றான். அண்ணன் உட்காரும்வரை உட்காரவில்லை.

சங்கரலிங்கம் எதிரில் உட்கார்ந்தார். கைக்குட்டை மூடிய தட்டு நடுவில் இருந்தது. தினைச் சாதத்தின் ஆவி கைக்குட்டையை நனைத்திருந்தது.

"சௌக்கியமாடே?"

"இருக்கேண்ணே. மேல இருந்தியளே. சாப்பிட்டாச்சுன்னு வாசல்ல சொன்னியளாம்."

"அது வந்து..."

மேசை ஒரு முழம் நீண்டது. தம்பி ஒரு முழம் தள்ளிப் போனான்.

லேகா பக்கத்தில் வந்து நின்றாள். "சாப்பிட்டவரும் சாப்பிடாதவரும் எதிரெதிர்ல உக்காந்தா மேசை நீளும் சார். நடுவுல இடைவெளி இருந்தா செரிமானத்துக்கு நல்லது."

"எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இடைவெளி போதுமான அளவு இருக்கும்மா" என்றான் ஆவுடையப்பன்.

மேசை அதைக் காதில் வாங்கவில்லை. இன்னும் ஒரு முழம் போனது.

"அண்ணே" என்றான் தம்பி, கொஞ்சம் உரக்க. "பாப்பா கல்யாணத்துலயும் சாப்பிட்டாச்சுன்னுதான் சொன்னிய. நான் நம்பிட்டேன். நம்புனதுக்கா ஒம்பது வருசம்?"

சங்கரலிங்கத்துக்கு முகம் சிவந்தது. "யாரு சொன்னா ஒனக்கு?"

"மதினி சொன்னாவ."

"அவ ஒங்கிட்டப் பேசுதாளா?"

"வாரா வாரம் பேசுதோம். பிள்ளையளும் பேசும். நீங்க ஒராளுதான் பேசல."

தன் வீட்டுக்குள்ளேயே தான் மட்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவமானமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. கோபம் வந்தால் அவருக்கு முதுகு நேராகிவிடும். நேராகிவிட்டது.

மேசை இப்போது கூடத்தின் சுவரைத் தாண்டிக்கொண்டிருந்தது. சுவர் வழிவிட்டது. ஆவுடையப்பன் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கூப்பிட்டான்.

"இன்னைக்காவது உள்ளதச் சொல்லுங்கண்ணே. சாப்பிட்டியளா, சாப்பிடலியா?"

கூடத்தில் எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். காவலாளிகூடத் திரும்பினான். சங்கரலிங்கம் வாயைத் திறந்தார். சாப்பிடலடே, கொலைப்பசி பசிக்கி, ஒம்பது வருசமாப் பசிக்கி என்று சொல்ல வேண்டும். சொன்னால் தம்பி எழுந்து ஓடிவந்து கையைப் பிடிப்பான். இரண்டு பேரும் சேர்ந்து இந்த உப்பில்லாச் சாதத்தைத் தின்றுவிட்டுப் போகலாம். அவனை விமானம் ஏற்றிவிட்டு நிம்மதியாகப் பெரம்பூர் ரயிலைப் பிடிக்கலாம். இதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஆச்சுடே" என்றார்.

ஆவுடையப்பன் குவித்த கைகளை இறக்கிவிட்டு, மறுபடி குவித்தான்.

"நம்பட்டுமா?"

"நம்பு."

தம்பி தலையாட்டினான். மேசை நீண்டபோது இரண்டு தட்டும் அவன் பக்கமே போயிருந்தன. அவன் கைக்குட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்தான். அண்ணனுடைய தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தான். "வச்சத வீணாக்கக் கூடாதுல்லா" என்று சொன்னது தூரத்திலிருந்து மெலிதாகக் கேட்டது. சாப்பிடும்போது அவன் கண்ணிலிருந்து தண்ணீர் தட்டில் விழுந்தது.

லேகா மேசை ஓரமாகவே ஓடினாள். "சார், சார், உப்பு சேருது. இங்க அனுமதி இல்ல." தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டான்.

"எப்படிடே இருக்கு?" என்று கத்தினார் சங்கரலிங்கம்.

"நல்லாருக்குண்ணே!"

"மென்னு தின்னு!"

"சரிண்ணே!"

மேசையின் அந்த முனை கிண்டியைத் தாண்டி மீனம்பாக்கத்துக்குப் போய், விமான நிலையத்துக்குள் நுழைந்துவிட்டது. இங்கிருந்து பார்க்கத் தம்பி ஒரு வெள்ளைச் சட்டைப் பொட்டாகத் தெரிந்தான். அவன் பக்கத்தில் யாரோ பெட்டிகள் அடுக்கிய தள்ளுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவன் தன் தட்டையும் முடித்துவிட்டு எழுந்தான். கை கழுவினான். இந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டான்.

"வாரேண்ணே!"

போகிறவன் போகிறேன் என்று சொல்வதில்லை. சங்கரலிங்கம் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார். மூத்தவர் செய்ய வேண்டியது அது. பிழையில்லாமல் செய்தார். தம்பி கண்ணாடிக் கதவுக்குள் போனான். கதவு மூடிக்கொண்டது.

சங்கரலிங்கம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குப் பசிக்குது" என்றார்.

சத்தமாகவே வந்தது. சிக்கவில்லை, திக்கவில்லை. மறுபடி சொன்னார். "நான் சாப்பிடல. எனக்குப் பசிக்குது."

கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவில்லை. அவரவர் தட்டைப் பார்த்து மென்றுகொண்டிருந்தார்கள். லேகா அவர் மணிக்கட்டிலிருந்த பச்சை நூலைக் கத்தரித்தாள். உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தாள். ஸ்டெதாஸ்கோப்பை அதன் மேல் வைத்துக் கேட்டாள். தலையாட்டினாள்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றாள்.

மேசை இரண்டு பேர் உட்காருகிற அளவுக்குச் சுருங்கி வந்துவிட்டது. எதிர்நாற்காலி முழங்காலில் இடித்தது. அவர் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுச் சாதத்தைப் பிசைந்தார். சூடாக இருந்தது, நன்றாகத்தான் இருந்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.